பிள்ளைக்கு லண்டனில் டிவி லைசென்ஸ் கடிதம் வந்தால் என்ன செய்வது

களியக்காவிளையில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பங்களும் செய்து கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கத்து மார்த்தாண்டத்துக்காரரும் வருவார்கள், அந்தப் பக்கத்துப் பாறசாலைக்காரரும் வருவார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை இங்கிலாந்திலோ அயர்லாந்திலோ ஜெர்மனியிலோ இருக்கிற வட்டாரம் இது. படிக்கப் போனது, நர்ஸ் வேலைக்குப் போனது, முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனது என்று.

செப்டம்பரில் பிள்ளைகள் விமானம் ஏறினால், கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஏதாவது ஒரு அம்மா போனை நீட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார். வாட்ஸாப்பில் வந்த கடிதத்தின் போட்டோ. சாய்வாக எடுத்திருக்கும், கீழ்ப் பாதியைக் கட்டைவிரல் மறைத்திருக்கும். தெரிகிற பாதியில் "விசாரணை", "1,000 பவுண்டு அபராதம்", "கோர்ட்" என்ற வார்த்தைகள் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். "மக்களே, எனக்க மோளு டிவியே வாங்கல்லியே, பின்னெ என்னத்துக்கு கேஸு? விசா போயிருமா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். பிள்ளைகளுக்கு அப்படியே அனுப்பி வையுங்கள்.

கடிதம் யார் அனுப்புவது

பிரிட்டனில் டிவி பார்க்க லைசென்ஸ் வேண்டும். அந்தப் பணம்தான் அந்த நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான பிபிசிக்கு முக்கிய வருமானம். வசூலிக்கும் பொறுப்பும் பிபிசிக்கே. அதை "டிவி லைசென்சிங்" என்ற பெயரில் ஒப்பந்த நிறுவனங்களை வைத்துச் செய்கிறது. ஆகவே கடிதம் போலீசிடமிருந்து வரவில்லை, கோர்ட்டிலிருந்தும் வரவில்லை. முதலில் இதை அம்மாக்கள் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

உறையின் மேல் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. "இந்த வீட்டில் சட்டப்படி குடியிருப்பவருக்கு" என்றுதான் இருக்கும். அவர்களிடம் நாட்டிலுள்ள எல்லா முகவரிகளின் பட்டியலும் இருக்கிறது. எந்த முகவரிக்கு லைசென்ஸ் இல்லையோ அந்த முகவரிக்குக் கடிதம் போகும், அவ்வளவுதான். உள்ளே யார் இருக்கிறார்கள், டிவி இருக்கிறதா, என்ன பார்க்கிறார்கள் என்று எதுவும் தெரிந்துகொண்டு எழுதுவதில்லை. பதில் போகாவிட்டால் அடுத்த கடிதத்தின் தொனி இன்னும் கடுமையாகும். பயப்படுத்திக் கட்ட வைப்பதற்கென்றே எழுதப்பட்ட கடிதம் என்பது என் எண்ணம். அந்த ஊர்க்காரர்களே பல வருஷமாக இதைத்தான் சொல்லிக் கொதிக்கிறார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்

வீட்டில் டிவி பெட்டி இருக்கிறதா இல்லையா என்பதல்ல கேள்வி. பெட்டி சும்மா சுவரில் தொங்கலாம், அதற்குக் காசு இல்லை. பெட்டியே இல்லாமல் போனில் பார்த்தாலும் லைசென்ஸ் தேவைப்படலாம். சட்டம் பார்ப்பது இரண்டே விஷயம். ஒன்று, எந்த டிவி சேனலையாவது, அது ஒளிபரப்பாகிற நேரத்திலேயே, அதாவது லைவாகப் பார்க்கிறீர்களா அல்லது ரெக்கார்டு செய்கிறீர்களா? இரண்டு, பிபிசியின் ஐபிளேயர் என்ற செயலியைப் பயன்படுத்துகிறீர்களா? ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சியைப் பார்த்தாலும் 2016 செப்டம்பரிலிருந்து லைசென்ஸ் வேண்டும்.

"எந்த டிவி சேனலும்" என்பதில்தான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். "நாங்க பிபிசி பாக்கல்லியே, சன் டிவியும் ஏசியாநெட்டும்தானே பாக்கோம்" என்பார்கள். அது செல்லாது. வெளிநாட்டுச் சேனலாக இருந்தாலும், எந்த மொழியாக இருந்தாலும், போன், லேப்டாப், டேப்லெட் எதில் பார்த்தாலும், லைவ் என்றால் லைசென்ஸ்.

நம் பிள்ளைகள் வழக்கமாகப் பார்ப்பதை வைத்தே சொல்கிறேன்.

நெட்ஃபிளிக்சிலோ ஹாட்ஸ்டாரிலோ படம் பார்ப்பது: வேண்டாம். நேற்று ஓடிய சீரியலை இன்று சன் நெக்ஸ்டில் பார்ப்பது: வேண்டாம். அதே செயலியில் "லைவ் டிவி" என்ற பொத்தானை அழுத்தி இப்போது ஓடுவதைப் பார்ப்பது: வேண்டும். யூடியூபில் சமையல், பாட்டு, டிரெய்லர், பழைய காமெடி: வேண்டாம். யூடியூபில் தமிழ், மலையாளச் செய்திச் சேனல்களின் லைவ் ஓடிக்கொண்டே இருக்கும், தேர்தல் முடிவு நாளில் எல்லோரும் அதைத்தான் திறந்து வைப்பார்கள்: அது டிவி சேனலின் ஒளிபரப்பேதான், வேண்டும். கிரிக்கெட் மேட்ச் ஒரு சேனலில் ஓடும்போதே பார்த்தால் வேண்டும். மறுநாள் ஹைலைட்ஸ் பார்த்தால் வேண்டாம். வீடியோ கேம், டிவிடி, ரேடியோ எதற்கும் வேண்டாம். பிபிசி ரேடியோவுக்கும் வேண்டாம்.

எங்கள் பக்கத்து அம்மாக்கள் தவறாமல் கேட்கிற ஒன்று: ஞாயிற்றுக்கிழமைப் பூசை. நம் பங்குக் கோயிலில் நடக்கிற திருப்பலியை அந்தப் பங்கின் சொந்த யூடியூப் பக்கத்தில் நேரலையாகப் பார்த்தால் அது டிவி நிகழ்ச்சி ஆகாது. பயமில்லாமல் பார்க்கலாம். ஆனால் கிறிஸ்தவ டிவி சேனல் ஒன்றில் ஒளிபரப்பாகிற பூசையை அந்த நேரத்திலேயே பார்த்தால் அது டிவி சேனல்தான். புண்ணியத்துக்குப் பார்த்தேன் என்று சொன்னாலும் சட்டத்தில் அதற்குத் தனி விலக்கு கிடையாது.

அப்புறம் அந்த ஐபிடிவி பெட்டி. மாசத்துக்குச் சில பவுண்டு கொடுத்தால் உலகத்துச் சேனல் எல்லாம் வரும் என்று நண்பர்கள் வட்டாரத்தில் ஒருவர் விற்றுக்கொண்டிருப்பார். அதில் லைவ் சேனல் பார்ப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். அதோடு அந்தப் பெட்டியே பெரும்பாலும் திருட்டு ஒளிபரப்பு. அதைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் தூக்கிப் போடச் சொல்கிறேன்.

வீட்டில் யார் கட்ட வேண்டும்

வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். நாலு பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு வீடு எடுத்திருந்தால் பொதுவாக அந்த வீட்டுக்கே ஒரு லைசென்ஸ் போதும். பங்கு போட்டுக் கட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு அறைக்கும் தனி ஒப்பந்தம், கதவுக்குத் தனிப் பூட்டு என்றால் அறையில் லைவ் பார்க்கிறவர் தனியாக எடுக்க வேண்டும். பல்கலைக்கழக விடுதியிலும் அப்படித்தான். பொது ஹாலில் இருக்கிற டிவிக்கு விடுதி லைசென்ஸ் எடுத்திருக்கும், அது அறைக்குள் நீளாது.

"அப்பா அம்மாவின் லைசென்சிலேயே மாணவர் பார்க்கலாம்" என்று அந்த ஊர்ப் பையன்கள் யாராவது சொல்வார்கள். அது உண்மைதான். வெளியில் தங்கிப் படிக்கிற மாணவர், கரண்டில் சொருகாமல் பேட்டரியில் மட்டும் ஓடுகிற கருவியில் பார்த்தால், பெற்றோர் வீட்டு லைசென்ஸ் போதும். ஆனால் அந்தப் பெற்றோர் பிரிட்டனில் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். குழித்துறையில் கேபிளுக்குக் கட்டுகிற மாசக் காசு அதில் சேராது.

தேவை என்றால்

2025 ஏப்ரலில் கலர் டிவி லைசென்ஸ் வருஷத்துக்கு 174.50 பவுண்டு ஆனது. நம் காசில் ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாய். ஏப்ரல் மாதம்தான் கட்டணம் மாறுகிற மாதம், ஆகவே கட்டுகிற அன்று அதிகாரப்பூர்வத் தளத்தில் என்ன தொகை காட்டுகிறதோ அதை நம்புங்கள். கறுப்பு வெள்ளைக்கு மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் நம் பிள்ளை கையிலிருப்பது கலர் போன், அந்த ஆசை வேண்டாம். பார்வையற்றவர் இருக்கிற வீட்டுக்குப் பாதிக் கட்டணம்.

ஒரே தவணையில் கட்டலாம், மாசத் தவணையாக வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கச் சொல்லலாம். மாசத் தவணையில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: முதல் லைசென்சின் தொகையை ஆறு மாசத்துக்குள் பிடித்துவிடுவார்கள். ஆகவே ஆரம்பத்தில் மாசத்துக்கு வருஷக் கட்டணத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அல்ல, அதைப்போல் இரண்டு மடங்கு போகும். பகுதிநேர வேலைச் சம்பளத்தில் அது உறைக்கும். வாரா வாரம் கொஞ்சமாகக் கட்டுகிற கார்டு முறையும் உண்டு. இங்கிருந்து நம் கார்டைப் போட்டுக் கட்ட முயற்சி செய்ய வேண்டாம். பிள்ளை தன் பெயரில், தன் முகவரிக்கு, தன் அந்த ஊர்க் கணக்கிலிருந்து கட்டுவதுதான் சரி.

படிப்பு முடிந்து அறையைக் காலி செய்கிறபோது லைசென்சை ரத்து செய்யுங்கள். பயன்படுத்தாத முழு மாதங்களுக்குப் பணம் திரும்பக் கேட்கலாம். வீடு மாறினால் முகவரியை மாற்ற வேண்டும், லைசென்ஸ் ஆளுக்கல்ல, முகவரிக்கு.

தேவையில்லை என்றால்

கடிதத்தைக் குப்பையில் போடலாமா என்று கேட்பார்கள். போட்டால் குற்றமில்லை. பதில் சொல்ல வேண்டிய கடமை சட்டத்தில் இல்லை. ஆனால் கடிதம் வந்துகொண்டே இருக்கும், அம்மா இங்கே தூங்காமல் இருப்பார். ஆகவே என் யோசனை: அவர்கள் தளத்திலேயே "நோ லைசென்ஸ் நீடெட்" என்று ஒரு பக்கம் இருக்கிறது. முகவரி, பெயர், ஏன் தேவையில்லை என்ற காரணம். சில நிமிஷ வேலை. உறுதிப்படுத்தி ஒரு மின்னஞ்சல் வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கொஞ்ச காலம் கடிதம் நிற்கும், பிறகு நிலைமை மாறியதா என்று மறுபடி கேட்பார்கள், மறுபடி சொல்ல வேண்டும். சொன்னது உண்மைதானா என்று ஆள் அனுப்பிப் பார்க்கவும் செய்யலாம்.

பொய் மட்டும் வேண்டாம். லைவ் பார்த்துக்கொண்டே "பார்ப்பதில்லை" என்று எழுதிக் கொடுப்பது, சும்மா பதில் போடாமல் இருப்பதைவிட மோசம். அறையில் இருக்கிற எல்லோரிடமும் கேட்டுவிட்டு எழுதுங்கள். நீங்கள் பார்க்காவிட்டாலும் அறைத் தோழன் ஐபிளேயரில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வாசலில் ஆள் வந்தால்

வருகிறவர் விசிட்டிங் ஆபீசர். போலீஸ் அல்ல. அடையாள அட்டை வைத்திருப்பார், காட்டச் சொல்லலாம். நீங்கள் விடாமல் அவர் உள்ளே வர முடியாது. மாஜிஸ்ட்ரேட் கொடுத்த சோதனை வாரண்ட் இருந்தால் மட்டும் விட வேண்டும், தடுக்கக்கூடாது. அது அபூர்வம்.

நம் பிள்ளைகளுக்கு இங்கேதான் சிக்கல். யூனிஃபார்ம் மாதிரி எதையாவது பார்த்தால் "வாங்க சார், உக்காருங்க, டீ குடிக்கீங்களா" என்று வளர்ந்தவர்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார்கள், நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அவர் கையில் ஒரு படிவம் இருக்கும். "நீங்கள் எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை" என்று எச்சரிக்கை வாசித்த பிறகு கேள்வி கேட்டு, பதிலை எழுதி, கையெழுத்து வாங்குவார். வழக்கு போனால் பெரும்பாலும் அந்தத் தாள்தான் சாட்சி. டிவி அலையைக் கண்டுபிடிக்கிற வேன் என்று ஒரு கதை உண்டு. 1952இல் அப்படி வேன்களை ஓட விட்டார்கள், ஊர் முழுக்க அந்தப் பயம் இன்னும் இருக்கிறது. ஆனால் வழக்குகள் நிற்பது வேனில் அல்ல, வாசலில் சொன்ன பதிலில்.

ஆகவே மரியாதையாக, கதவைப் பாதி திறந்து, "எங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை, தளத்தில் பதிவு செய்திருக்கிறேன், நன்றி" என்று சொல்லிக் கதவைச் சாத்தலாம். பெயர் சொல்ல வேண்டாம், கையெழுத்து வேண்டாம். திட்டாதீர்கள், போனைத் தூக்கி வீடியோ எடுத்துச் சண்டை போடாதீர்கள். யூடியூபில் அப்படி வீடியோக்கள் நிறைய உண்டு, பிறந்ததிலிருந்து அந்த நாட்டுக் குடிமகனாக இருக்கிறவர் போடுகிற சண்டை அது. மாணவர் விசாவில் இருக்கிற இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வீரம் தேவையில்லை.

கோர்ட் தாள் வந்தால்

இது வேறு விஷயம். இதைக் குப்பையில் போடக்கூடாது. லைசென்ஸ் இல்லாமல் பார்ப்பது அங்கே குற்ற வழக்கு. 2003ஆம் வருஷத்துத் தகவல் தொடர்புச் சட்டத்தின் கீழ் 1,000 பவுண்டு வரை அபராதம், அதற்கு மேல் செலவுத் தொகை. லைசென்ஸ் இல்லாமல் பார்த்தார் என்பதற்காக யாரையும் ஜெயிலில் போடுவதில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் "சிங்கிள் ஜஸ்டிஸ் ப்ரொசீஜர்" என்ற பெயரில் நோட்டீஸ் வரும். உறையில் பிள்ளையின் பெயர் இருக்கும். ஒரு மாஜிஸ்ட்ரேட், சட்ட ஆலோசகர் ஒருவரை வைத்துக்கொண்டு, தாள்களை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற முறை அது.

பதில் கொடுக்க 21 நாள். குற்றம் ஒப்புக்கொள்கிறேன் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். இல்லை என்றால் கோர்ட்டில் விசாரணை நடக்கும். பதிலே சொல்லாவிட்டால் அவர் இல்லாமலேயே தீர்ப்பாகிவிடும். பழைய முகவரிக்குப் போய்ப் பிள்ளைக்குத் தெரியாமலே தீர்ப்பாகியிருந்தால், தெரிய வந்ததிலிருந்து 21 நாளுக்குள் "எனக்குத் தெரியாது" என்று சட்டப்படி உறுதிமொழி கொடுத்து வழக்கை மறுபடி திறக்கலாம். பல்கலைக்கழக மாணவர் சங்கத்தில் ஆலோசகர் இருப்பார், ஊருக்கு ஊர் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச உதவி மையம் இருக்கிறது. அங்கே போக வேண்டும், என்னிடம் வந்து பிரயோஜனமில்லை.

விசா பற்றி: விசா விண்ணப்பத்தில் தண்டனை ஏதும் உண்டா என்று கேட்பார்கள், மறைக்கக்கூடாது. எவ்வளவு பாதிக்கும் என்பதை அங்குள்ள குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள். வெறும் கடிதம் வந்ததற்கும் விசாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

போலி மின்னஞ்சல்

"உங்கள் லைசென்ஸ் இன்று முடிகிறது, இந்த இணைப்பில் கட்டுங்கள்" என்று மின்னஞ்சலும் எஸ்எம்எஸ்ஸும் வரும். பலர் பணம் இழந்திருக்கிறார்கள். இணைப்பைத் தொடாமல், டிவிலைசென்சிங் டாட் கோ டாட் யுகே என்று கையால் அடித்துப் போங்கள். சந்தேகமான எஸ்எம்எஸ்ஸை 7726 என்ற எண்ணுக்கு அனுப்பிவிடலாம்.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்

பிள்ளை வேலை செய்கிற இடத்தில் இதைப் பற்றிப் பேச்சு வரும், தெரிந்து வைத்திருப்பது நல்லது.

1922இல் ரேடியோவுக்குப் பத்து ஷில்லிங் என்று தொடங்கியது. 1946இல் டிவிக்கு இரண்டு பவுண்டு. ஒரே சேனல் இருந்த காலத்தில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இன்று ஒருவர் பிபிசியைத் திறந்தே பார்க்காமல், வேறு சேனலில் லைவ் கால்பந்து பார்த்தாலும் பிபிசிக்குக் கட்ட வேண்டும். கோடீஸ்வரருக்கும் ஒரே தொகை, வாராந்தரக் கூலிக்காரருக்கும் ஒரே தொகை. 75 வயது கடந்த எல்லோருக்கும் 2000த்திலிருந்து இலவசமாக இருந்தது. அரசு அந்தச் செலவை பிபிசி தலையில் கட்டியது, பிபிசி 2020 ஆகஸ்டில் பென்ஷன் கிரெடிட் என்கிற உதவித்தொகை வாங்குகிற வீடுகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. வயசானவர்கள் வீட்டுக்கு சிவப்பு எழுத்துக் கடிதம் போவது அங்கே எரிச்சலைக் கிளப்பிய விஷயம். 2022இல் அரசு கட்டணத்தை இரண்டு வருஷம் 159 பவுண்டில் நிறுத்தி வைத்தது. அதனால் பிபிசி நிகழ்ச்சிகளையும் ஆட்களையும் குறைத்தது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. வழக்குப் போடப்படுகிறவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். பகலில் வீட்டில் இருந்து கதவைத் திறப்பவர் பெண், மாட்டிக்கொள்பவரும் பெண். பார்த்தது வீடு முழுக்க, அபராதம் கதவு திறந்தவருக்கு. இதைக் குற்ற வழக்காக வைத்திருக்க வேண்டுமா என்று 2015இல் டேவிட் பெர்ரி என்ற வக்கீலை வைத்து ஆராய்ந்தார்கள். இப்போதைக்கு இருக்கட்டும் என்றார் அவர். 2020இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள், 2021இல் மறுபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கதவு திறக்கிற பெண்ணுக்கு அந்த இருக்கட்டும் ரொம்ப விலை.

ஆனால் "பிபிசியை ஒழி" என்கிற கூட்டத்தோடும் நான் சேர மாட்டேன். எங்கள் வீட்டில் சிற்றலை ரேடியோவில் பிபிசியின் தமிழோசை கேட்டு வளர்ந்தவள் நான். 1941இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017இல் நின்றது, பிபிசி தமிழ் இணையத்தில் இன்னும் இருக்கிறது. தமிழையும் சேர்த்துப் பல மொழிகளில் பிபிசி நடத்துகிற உலகச் சேவைக்கு 2014 வரை பிரிட்டன் வெளியுறவுத் துறை பணம் கொடுத்தது. அதன் பிறகு பெரும்பகுதி இந்த லைசென்ஸ் காசிலிருந்தே. அதாவது லெஸ்டரில் யாரோ கட்டின காசில் களியக்காவிளையில் நான் செய்தி படிக்கிறேன்.

நம் நாட்டிலும் லைசென்ஸ் இருந்தது. தபால் ஆபீசில் கொடுக்கிற சின்னப் புத்தகம், ஒவ்வொரு வருஷமும் பணம் கட்டி அதில் முத்திரை வாங்க வேண்டும். பழைய வீடுகளில் பீரோ அடியில் இன்னும் கிடக்கும். எண்பதுகளில் அதை எடுத்துவிட்டார்கள். தூர்தர்ஷனும் ஆகாசவாணியும் 1997இலிருந்து பிரசார் பாரதியின் கீழ் இருக்கின்றன. தன்னாட்சி என்று 1990 சட்டத்தில் எழுதியிருக்கிறது, சம்பளம் மத்திய அரசு மானியத்தில் வருகிறது. படி அளக்கிறவரைக் கேள்வி கேட்கிற செய்தி எப்படி இருக்கும் என்று ராத்திரி செய்தி பார்க்கிற உங்களுக்கே தெரியும். வாசலில் ஆள் வந்து மிரட்டாத முறை நம்முடையது, ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. இரண்டில் எது மேல் என்று கேட்டால், ஜெர்மனிக்காரர் மாதிரி வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிவிட்டு, வேவு பார்க்கிற வேலையை நிறுத்துவது நல்லது என்பேன். இல்லாதவருக்கு விலக்கும் வேண்டும்.

பிபிசி எந்த விதியில் நடக்க வேண்டும் என்று சொல்கிற இப்போதைய சாசனம் 2027 டிசம்பரோடு முடிகிறது. பணம் எப்படி வர வேண்டும் என்ற சண்டை அதற்காகத்தான் மறுபடி சூடாகியிருக்கிறது. பிள்ளைக்குக் கருத்து இருந்தால் தொகுதி எம்.பி.க்கு எழுதலாம். அங்கே எம்.பி. பதில் போடுவார். காமன்வெல்த் நாட்டுக்காரர் என்பதால், அங்கே சட்டப்படி குடியிருக்கிற இந்தியர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து ஓட்டும் போடலாம் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. அது கோபத்தைக் காட்ட நல்ல இடம், கடிதத்தைக் கிழித்து ஸ்டேட்டஸ் போடுவது அல்ல.

ஜெர்மனி, அயர்லாந்து போனவர்களுக்கு

மேலே சொன்னது எதுவும் இங்கே பொருந்தாது.

ஜெர்மனியில் 2013இலிருந்து வீட்டுக்கு ஒரு கட்டணம். டிவி இருக்கிறதா, பார்க்கிறாயா என்ற கேள்வியே இல்லை. 2021இலிருந்து மாசத்துக்கு 18.36 யூரோ. பிள்ளை நகராட்சியில் முகவரி பதிந்ததும் தானாகக் கடிதம் வரும். இந்தக் கடிதத்தைப் புறக்கணித்தால் பாக்கி ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் வசூலுக்கு ஆள் வரும். ஒரு வீட்டைப் பங்கு போட்டுத் தங்கியிருந்தால் ஒருவர் கட்டினால் போதும். அவருடைய கட்டண எண்ணைக் கேட்டு வாங்கி, பதில் படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். அறைத் தோழர்கள் இந்த எண்ணைச் சொல்லாமல் இழுத்தடிப்பதுதான் அங்கே வழக்கமான தகராறு, குடியேறும் முன்பே கேட்டு வைத்துவிடுங்கள்.

அயர்லாந்தில் வருஷத்துக்கு 160 யூரோ, தபால் துறைதான் வசூலிக்கிறது. அங்கே பெட்டியே கணக்கு. டிவி பெட்டி வீட்டில் இருந்தால், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், ரிப்பேராகிக் கிடந்தாலும் லைசென்ஸ் வேண்டும். போனிலும் லேப்டாப்பிலும் மட்டும் பார்ப்பவருக்கு வேண்டாம். ஆகவே அங்கே போகிற நர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: வாடகை வீட்டில் வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய டிவி இருந்தால், அதற்கும் குடியிருப்பவர்தான் கட்ட வேண்டி வரும். வேண்டாம் என்றால் சாவி வாங்குகிற அன்றே எடுத்துக்கொண்டு போகச் சொல்லி, அதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.